கட்டைவிரல் அசையவில்லை

"நன்றிங்க" என்றது கம்ப்யூட்டர்.

மெக்கானிக் ஈரப் பஞ்சால் மனைவியின் உதட்டை ஒற்றிக்கொண்டிருந்தார். ஒரு தடவை ஒற்றினால் ஒரு நன்றி, அது டீச்சரின் பழக்கம். வியாதி வந்து கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் படுத்துவிட்ட பிறகும் அவள் மரியாதை மட்டும் படுக்கவில்லை. அதனால் அந்த வார்த்தை அவருக்குப் புதிதில்லை. பஞ்சைக் கிண்ணத்தில் போட்டபோதுதான் பார்த்தார். பேசுவதற்கு அவள் அழுத்த வேண்டிய பொத்தான் மெத்தையின் ஓரத்தில் இருந்தது. கண்ணை விட்டால் அவள் சொல்பேச்சு கேட்கும் கடைசி உறுப்பான வலது கட்டைவிரல், அதற்கு ஒரு சாண் தள்ளி, சற்று முன் அவரே துடைத்து வைத்த இடத்தில் கிடந்தது.

முன்பே அழுத்தியிருப்பாள், மெஷின் இப்போது சொல்லியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நேற்றுவரை ஒரு வார்த்தைக்கு அரைமணி நேரம் முக்கி முனகிக்கொண்டிருந்த மெஷின் அது. புது வேகத்துக்கு மனுஷன் பழக வேண்டாமா?

அவர் முப்பது வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவர். அதனால் ஊருக்கு மெக்கானிக், வீட்டிலும் மெக்கானிக். அவள் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவள். தெருவே டீச்சர் என்று கூப்பிட்டதால் புருஷனுக்கும் அவள் டீச்சர்தான். ஆறு வருஷத்துக்கு முன் அவள் நாக்கு குழறத் தொடங்கியபோது, குரல் முழுசாகப் போவதற்குள் மூன்று மாதம் உட்கார்ந்து ஆயிரக்கணக்கான வார்த்தைகளை மைக்கில் சொல்லிச் சேமித்து வைத்தாள். அன்றிலிருந்து கட்டில் பக்கத்து மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டர்தான் அவள் வாய். திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு வெளிச்சம் அவற்றின் மேல் ஊர்ந்து போகும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் கட்டைவிரலை அழுத்தினால் எழுத்து விழும். எழுத்துச் சேர்ந்து வார்த்தையாகி, அவள் குரலிலேயே வெளியே வரும்.

அந்த வாய்க்கு வயதாகிவிட்டது. இந்த வருஷம் திரை அடிக்கடி உறைந்தது. உள்ளே விசிறி சளி பிடித்த நெஞ்சு மாதிரி இரைந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் டாக்டர் வந்து உட்கார்ந்தார்.

"மூச்சு குறைஞ்சுகிட்டே வருது சார். கழுத்துல துளை போட்டு குழாய் வெச்சா, மெஷின் மூச்சு விடும். வருஷக்கணக்கா இருக்கலாம். வெக்கலைன்னா ரெண்டு மாசம். ஆனா அவங்களே சொன்னாத்தான் செய்வேன். பின்னால வேண்டாம்னு எடுக்கிற விஷயம் இல்ல இது."

"கண்ணால சொல்லுவா டாக்டர். மேல பார்த்தா ஆமாம், கீழ பார்த்தா இல்ல. எழுத்து அட்டையும் இருக்கு."

"அந்தக் கண்ணு உங்களுக்கு மட்டும்தான் புரியுது. அட்டையில நகர்றது உங்க விரல்தானே?"

மகளும் ஒருமுறை அட்டையைப் பிடித்துப் பார்த்தாள். அம்மாவின் கண்கள் தானாகவே அலைவதில் எது ஆமாம், எது இல்லை என்று புரியாமல் அழுதுகொண்டே கீழே வைத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு அவள் வேலை பார்க்கும் ஊரிலிருந்து வருவாள், டாக்டரும் வருவார், டீச்சர் தன் குரலில் பதில் சொல்ல வேண்டும் என்று முடிவானது. டாக்டர் கேட்ட அன்றே டீச்சர் சொல்லத்தான் பார்த்தாள். திரையில் 'வே' என்ற ஒற்றை எழுத்து விழுந்தது. அதோடு கம்ப்யூட்டர் உறைந்துவிட்டது. வேணுமா, வேண்டாமா? அவள் கண்கள் களைத்து மூடிக்கொண்டன.

செவ்வாய்க்கிழமை காலையில் சர்வீஸ் கடை திறக்கும் முன்பே மெக்கானிக் வாசலில் நின்றார்.

"புது மெஷின் வேண்டாம் சார். அந்தக் குரலுக்கு மறுபடி அனுமதி வாங்க மூணு வாரம் ஆகும்" என்றார் கடைக்காரர். "மெமரியை ஏத்துங்க, டிஸ்க்கை மாத்துங்க, பேச்சு புரோகிராமோட புது வெர்ஷனைப் போடுங்க. ஆறு வருஷமா அவங்க பேசினதெல்லாம் ஒரு பதிவு ஃபைல்ல இருக்கும், அதையும் குடுத்துடுங்க. புதுசு அதைப் படிச்சுக்கும். ரெண்டு எழுத்து அழுத்தினாப் போதும், மீதியை அதுவே ஊகிச்சுச் சொல்லிடும்."

லிஃப்டையே பிரித்து மாட்டியவருக்குக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து மூடியைக் கழற்றினார். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. திருகுகளைப் பாட்டில் மூடியில் போட்டு வைத்தார். அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை நுழையாது என்பார்கள், மெமரி அட்டை மூன்று முறை நழுவி நாலாவது முறை 'டக்'கென்று உட்கார்ந்தது. "கயிறு தாங்கும்" என்று சொல்லிக்கொண்டார். லிஃப்டில் ஏறப் பயப்படுகிறவர்களிடம் முப்பது வருஷமாகச் சொன்ன வார்த்தை. இப்போது சோறு குழைந்தாலும் கயிறு தாங்கும், மழை பெய்தாலும் கயிறு தாங்கும்.

பழைய டிஸ்க்கிலிருந்து புதுசுக்கு எல்லாவற்றையும் நகலெடுக்க ஒரு பகல் போனது. பதிவு ஃபைலைக் கொடுத்தபோது திரையில் ஒரு கேள்வி வந்தது.

'இந்தப் பதிவில் உள்ள வாக்கியங்கள் அனைத்தும் ஒரே நபருடையவையா?'

மெக்கானிக்கின் விரல் நின்றது.

யாருக்கும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. பார்க்க வந்தவர்கள் "எப்படி இருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அந்தச் சங்கடம் தாங்காமல், போர்வையைச் சரிசெய்கிற சாக்கில், பொத்தானை அவரே அழுத்திவிடுவார். நல்லா இருக்கேன். வலி ஒண்ணும் இல்ல. நேரமாகுது, நீங்க கிளம்புங்க. முதலில் வந்தவர்களுக்காக. பிறகு போனில் மகளுக்காக. அப்புறம், உண்மையைச் சொல்வதானால், அவருக்காகவே. டீச்சர் அவரைப் பார்ப்பாள். அவர் ஜன்னலைப் பார்ப்பார்.

தன்னுடையதை மட்டும் பொறுக்கி எடுத்துவிடலாம் என்று ஃபைலைத் திறந்தார். பதினோராயிரம் வரிகள். எது அவள் சொன்னது, எது அவர் சொன்னது என்று அவருக்கே தெரியவில்லை. மணி பார்த்தார். 'ஆம்' என்பதை அழுத்தினார்.

அது புதன்கிழமை. இன்று வியாழன்.

மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அறையில் மருந்து வாசனையோடு புது பிளாஸ்டிக் சூடாகும் வாசனையும் சேர்ந்திருந்தது. விசிறிச் சத்தம் அடியோடு நின்றுபோனதால், ஜன்னல் தகரத்தில் மழை விழும் சத்தமும் டீச்சரின் மூச்சு இழுத்து இழுத்து வரும் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. மெக்கானிக் அவள் கட்டைவிரலைப் பொத்தான் மேல் வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனார். போட்டு மறந்த டீ அடுப்பு மேடையில் இருந்தது. ஆறிப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே டம்ளரைத் தொட்டார்.

"டீ ஆறிப்போச்சா?" என்று உள்ளே இருந்து அவள் குரல் கேட்டது.

அவர் சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு வந்த சிரிப்பு. ஓடிவந்து மகளுக்குப் போன் போட்டு, கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்தார். சாப்பிட்டியா, ஆபீஸ்ல வேலை அதிகமா, நாளைக்குக் குடை எடுத்துட்டு வா என்று அது மடமடவென்று பேசியது. மறுமுனையில் மகள் விம்மினாள்.

"அப்படியே அம்மா மாதிரி பேசுறாங்கப்பா!"

"மாதிரி என்னடி, அம்மாதான்."

அந்தச் சந்தோஷத்தில் டீச்சரின் முகத்தைப் பார்க்க அவர் மறந்துபோனார்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோல் புண்ணாகிவிடும். ஆறு மணிக்கு எழுந்தார். இடுப்பு 'ஐயோ' என்றது. குனிவதற்குள் கம்ப்யூட்டர் பேசியது.

"திருப்ப வேண்டாங்க. வசதியாத்தான் இருக்கேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். எவ்வளவு நிம்மதி! எட்டு மணிக்கும் அது அதையே சொன்னது. எட்டரைக்குப் போர்வையை இழுத்துவிடக் கை நீட்டியபோது விரலில் ஈரம் பட்டது. விளக்கைப் போட்டுப் பார்த்தார். இடுப்பெலும்பின் மேல் தோல் உரிந்து சிவந்திருந்தது. டீச்சரின் கண்களிலிருந்து நீர் இரண்டு பக்கமும் வழிந்து, காதுமடல்களில் தேங்கி, தலையணை நனைந்திருந்தது. அது இப்போது வந்த நீர் இல்லை.

"என்ன டீச்சர் இது? வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

"வலிக்கலைங்க" என்றது அவள் குரல், குளிர்ச்சியாக.

அவள் கண்கள் கீழே போயின. மறுபடி கீழே. மறுபடி கீழே. இல்லை, இல்லை, இல்லை.

"பயப்படாதீங்க" என்றது குரல். "கயிறு தாங்கும்."

முப்பத்தொரு வருஷக் குடித்தனத்தில் டீச்சர் அந்த வார்த்தையைச் சொன்னதே இல்லை. அவர் சொன்னாலே, "எதுக்கெடுத்தாலும் கயிறா?" என்று எரிந்து விழுவாள்.

பொத்தானின் ஒயரைப் பிடுங்கினார்.

"ஒயரை எதுக்குப் பிடுங்குறீங்க?" என்றது குரல்.

கத்தரிக்கோலை எடுத்து ஒயரை இரண்டாக வெட்டினார்.

"சரி. உங்க இஷ்டம்."

மெயின் சுவிட்சை அணைத்தார். திரை கறுத்தது. அறை அமைதியானது. அலமாரிக்குப் பின்னாலிருந்து பழைய எழுத்து அட்டையை இழுத்து எடுத்தார். அவளை மெல்லப் பக்கம் திருப்பி, புண்ணுக்கு மருந்து வைத்து, அட்டையை அவள் முகத்துக்கு நேரே பிடித்து, விரலை ஒவ்வொரு வரிசையாக நகர்த்தினார். அவள் கண்கள் மேலே போகும் இடத்தில் நிறுத்தினார். ஒரு எழுத்து. இன்னொரு எழுத்து. கால்மணி நேரத்தில் இரண்டு வார்த்தை சேர்ந்தது.

நான் பேசல.

"எப்பலேர்ந்து டீச்சர்?"

காலை.

அப்படியானால் 'நன்றிங்க'? டீ? மகளிடம் பேசியது? கேட்க வேண்டியதைக் கேட்டார்.

"கழுத்துல குழாய். வெச்சுக்கலாமா?"

விரல் நகர்ந்தது. அவள் கண்கள் காத்திருந்தன. மேலே போயின. வே. மறுபடி நகர்த்தினார். ணு. அவள் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. கடைசி எழுத்துக்கு வெகுநேரம் ஆனது. ம்.

வேணும்.

வாழ வேண்டும் என்கிறாள். அவர் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் சந்தோஷம் இருந்தது, சத்தியமாக இருந்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ ஒன்றும் கிடந்தது. அது என்னவென்று அவர் குனிந்து பார்க்கவில்லை.

"வேண்டாம்" என்றது குரல்.

திரை கறுப்பாகத்தான் இருந்தது.

அதன்பின் செய்ததெல்லாம் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவன் செய்யும் வேலை. புது டிஸ்க்கை உருவி எறிந்துவிட்டுப் பழையதை மாட்டினார். அது இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் செத்துப்போனது. புதுசையே திரும்ப மாட்டினார். காலையில் கடைக்காரருக்குப் போன் செய்தார். "புரோகிராமைத் தூக்கினா குரலும் அதோட போயிடும் சார். அப்புறம் அவங்களுக்கு வாயே இல்ல, பார்த்துக்குங்க" என்றார் அவர். நாளைத் தள்ளிப்போடலாமா என்று டாக்டரிடம் கேட்டார். "அந்த மூச்சு தள்ளிப்போடுமா சார்?" என்று திருப்பிக் கேட்டார் டாக்டர்.

வெள்ளிக்கிழமை நாலு மணி. மழை விட்டிருந்தது. ஜன்னல் வழியே மஞ்சள் வெயில் கட்டில் வரைக்கும் வந்திருந்தது. கம்ப்யூட்டர் மேல் துண்டு போட்டு மூடி, பிளக்கைப் பிடுங்கிச் சுருட்டி வைத்துவிட்டு, மெக்கானிக் அட்டையோடு நின்றார். ஷேவ் செய்யவில்லை. தூங்கவில்லை. சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தது.

மகளும் டாக்டரும் ஒன்றாகவே உள்ளே வந்தார்கள்.

"ஏம்பா மூடி வெச்சிருக்கீங்க?" என்றாள் மகள். "முந்தாநேத்து வரைக்கும் இதுக்காகத்தானே அலைஞ்சீங்க?"

"அது அவ இல்லம்மா. அது தானா பேசுது. அட்டையில கேளுங்க டாக்டர். அவ வேணும்னு சொல்றா. நேத்து சொன்னா. நான் பொத்தான் ஒயரையே அறுத்துட்டேன், அப்பவும் பேசுது."

டாக்டர் மகளைப் பார்த்தார். மகள் அப்பாவின் சட்டையைப் பார்த்தாள்.

"ஒயர் அறுந்திருந்தா எப்படி சார் பேசும்?" என்றார் டாக்டர் மெதுவாக. "அவங்க பேச்சை எதுக்கு அறுத்தீங்க?"

மெக்கானிக் அட்டையை முன்னால் நீட்டினார். இவருக்குப் பிரிய மனசில்லை, அதனால்தான் அம்மாவின் வாயைக் கட்டுகிறார் என்று இரண்டு பேரும் நினைப்பது அவருக்கே புரிந்தது. மகள் துண்டை எடுத்தாள். பிளக்கைச் செருகினாள். அம்மாவின் கட்டைவிரலைத் தூக்கி, எங்கும் போய்ச் சேராத அந்தப் பொத்தான் மேல் வைத்தாள்.

"அம்மா, நான் வந்துட்டேம்மா."

"வந்துட்டியா கண்ணு. குடை கொண்டுவந்தியா?"

மகள் முகத்தை மூடிக்கொண்டாள். டாக்டர் குனிந்தார்.

"அம்மா, நான் டாக்டர். கழுத்துல குழாய் வெக்கட்டுமா? யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சாச்சு டாக்டர். வேண்டாம்."

"பொய்!" என்று கத்தினார் மெக்கானிக். "விரலைப் பாருங்க! விரல் அசையல! கண்ணைப் பாருங்க டாக்டர்!"

டீச்சரின் கண்கள் கீழே, கீழே, கீழே போய்க்கொண்டிருந்தன. நோயில் அலையும் கண்கள். அவரைத் தவிர யாருக்கும் புரியாத கண்கள்.

"சார், கொஞ்சம் அமைதியா இருங்க. அவங்க பேசட்டும்."

குரல் பேசியது. வகுப்பில் கணக்கு விளக்கும் அதே நிதானம்.

"போதும் டாக்டர். ஆறு வருஷம் ஆச்சு. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை எழுந்து எழுந்து உடம்பு விட்டுப்போச்சு. ஒரே ஒரு நாள் முழுசாத் தூங்கணும்."

மெக்கானிக்கின் கையிலிருந்து அட்டை நழுவியது.

போன வாரம். பால் பொங்கி வழிந்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம். யாரிடமும் சொல்லவில்லை. வாய்க்குள்ளேகூடச் சொல்லவில்லை. மனசில் ஒரு நொடி வந்து போனது, அவ்வளவுதான். இதே வார்த்தைகள். இதே வரிசை.

"எப்ப முடியும்னு இருக்கு" என்றது குரல்.

அதுவும் அவர் மனசில் வந்து போனதுதான்.

"அம்மா!" மகள் கட்டிலில் சாய்ந்து, அம்மாவின் நெஞ்சில் முகம் புதைத்துக் குலுங்கினாள். டாக்டர் பையிலிருந்து தாளை எடுத்து முழங்காலில் வைத்து எழுதத் தொடங்கினார். இரண்டு பேரும் குனிந்திருந்தார்கள்.

டீச்சரின் கண்கள் கீழே போவதை நிறுத்தியிருந்தன.

மெல்லத் திரும்பின. அவர் மேல் வந்து நின்றன.

முப்பத்தொரு வருஷம் கூட வாழ்ந்தவள். எந்த வாக்கியம் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா? அந்தக் கண்களில் கோபம் இல்லை. கேள்வியும் இல்லை. சிமிட்டாமல், மஞ்சள் வெயிலில் ஈரம் மின்ன, அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இல்லை என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். உதடு திறந்தது. குரல் வரவில்லை.

பக்கத்து மேஜையில் அவள் குரல் பேசிக்கொண்டே இருந்தது. மகள் ஒவ்வொரு வார்த்தைக்கும் "சரிம்மா, சரிம்மா" என்றாள்.